நடுநிலை வாக்காளர் என்ன கேட்கிறார்?

2019 ஏப்ரலில் ஒடிசாவின் வாக்குச்சாவடிகளுக்குப் போனவர்கள் ஒரே வரிசையில் நின்று, ஒரே விரலில் மை வைத்துக்கொண்டு, இரண்டு இயந்திரங்களில் பொத்தானை அழுத்தினார்கள். ஒன்றில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது, அது மக்களவைக்கு. மற்றதில் இளஞ்சிவப்புத் தாள்; அது சட்டப்பேரவைக்கு. இரண்டுக்கும் நடுவே சில அடி தூரம்தான். அந்தச் சில அடிகளுக்குள் லட்சக்கணக்கானவர்கள் கட்சி மாறினார்கள். இளஞ்சிவப்புத் தாளில் பாஜகவுக்குக் கிடைத்த வாக்கு 32.5 சதவீதம்; வெள்ளைத் தாளில் 38.4 சதவீதம். நவீன் பட்நாயக்கின் பிஜு ஜனதா தளம் 146 சட்டப்பேரவைத் தொகுதிகளில் 112-ஐ அள்ளியது, பாஜகவுக்கு 23. அதே வாக்காளர்கள் 21 மக்களவைத் தொகுதிகளில் 8-ஐ பாஜகவுக்குக் கொடுத்தார்கள்.

இவர்களைக் குழம்பிப்போனவர்கள் என்று சொல்லிவிட முடியாது. யார் மாநிலத்தை ஆள வேண்டும், யார் டெல்லியில் இருக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு இரண்டு விடைகளை எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

தேர்தல் மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அதிகம் பேசப்படாத மனிதர் இந்த நடுநிலை வாக்காளர். கட்சி உறுப்பினர் அட்டை கிடையாது. தலைவர் படம் போட்ட கரைவேட்டி கிடையாது. எந்தப் பக்கமும் சேராததால் இவருக்குக் கருத்தே இல்லை என்று கட்சிக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தியத் தேர்தல் முடிவுகளைக் கடந்த 45 ஆண்டுகளுக்கு அடுக்கிவைத்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. தேசிய அரசியல் பற்றியும் பொருளாதாரக் கொள்கை பற்றியும் இவருக்குத் திட்டவட்டமான கருத்துகள் உண்டு. அவை எல்லாம் ஒரே கட்சியின் தேர்தல் அறிக்கைக்குள் அடங்குவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு கோட்டில் அடங்காதவர்

அமெரிக்கப் பொருளியலாளர் ஆண்டனி டவுன்ஸ் 1957-ல் எழுதிய நூல் நடுநிலை வாக்காளருக்கு அரசியல் கோட்பாட்டில் ஓர் இடத்தைத் தந்தது. வாக்காளர்களை இடதிலிருந்து வலமாக ஒரு கோட்டில் நிறுத்தினால், சரிபாதியில் நிற்பவரைப் பிடிக்கும் கட்சி வெல்லும்; ஆகவே இரண்டு பெரிய கட்சிகளும் நடுவை நோக்கி நகரும் என்பது வாதம். இரண்டு கட்சிகளும் ஒரே ஒரு முதன்மைச் சர்ச்சையும் உள்ள நாட்டுக்கு இது ஓரளவு பொருந்தும்.

இந்தியாவில் அந்தக் கோடு வளைந்துபோகிறது. பிரதீப் சிப்பரும் ராகுல் வர்மாவும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு நூல், இந்திய அரசியலைப் பிரிப்பவை இரண்டு கேள்விகள் என்கிறது: சமூக வாழ்வில் அரசு எவ்வளவு தலையிட வேண்டும் என்பது ஒன்று, ஒதுக்கப்பட்ட சமூகங்களுக்கு அரசு தனி அங்கீகாரம் தர வேண்டுமா என்பது மற்றொன்று. இவற்றோடு மாநிலமா மத்தியமா என்ற மூன்றாவது கேள்வியையும் சேர்த்தால்தான் தமிழ்நாடு, கேரளம், ஒடிசா போன்ற இடங்களின் முடிவுகள் புரியும். இட ஒதுக்கீட்டில் உறுதியாக நிற்கும் ஒருவர் தொழில் முதலீட்டை வரவேற்கலாம். ரேஷன் அரிசி வேண்டும் என்பவரே வருமான வரியைக் குறைக்கவும் சொல்லலாம். இவரை எந்தப் புள்ளியில் நிறுத்துவது?

மாநிலம்-மத்தியம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஒடிசாவில் தொடங்கியதல்ல. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37-ஐ திமுக-காங்கிரஸ் கூட்டணி வென்றது. அதிமுகவுக்குக் கோபிச்செட்டிப்பாளையமும் சிவகாசியும் மட்டும். மக்கள் ஆதரவு போய்விட்டது என்று காரணம் காட்டி எம்.ஜி.ஆர். ஆட்சி பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. மே மாதம் அதே மக்கள் அதிமுகவுக்கு 129 இடங்களைக் கொடுத்து எம்.ஜி.ஆரைத் திரும்பக் கோட்டைக்கு அனுப்பினார்கள். நான்கே மாத இடைவெளி.

1984 டிசம்பரில் கர்நாடகம் 28 தொகுதிகளில் 24-ஐ ராஜீவ் காந்தியின் காங்கிரஸுக்குத் தந்தது. முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே தார்மிகப் பொறுப்பேற்றுப் பேரவையைக் கலைத்துவிட்டுத் தேர்தலைச் சந்தித்தார். 1985 மார்ச்சில் அவருடைய ஜனதா கட்சிக்கு 139 இடங்கள். 1989 ஜனவரியில் தமிழ்நாடு திமுகவை ஆட்சியில் அமர்த்தியது. நவம்பரில் வந்த மக்களவைத் தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் இடம்கூடத் தரவில்லை. கேரளம் 2019-ல் 20 மக்களவைத் தொகுதிகளில் 19-ஐ ஐக்கிய ஜனநாயக முன்னணிக்குக் கொடுத்தது, 2021-ல் சட்டப்பேரவையின் 140-ல் 99-ஐ இடது முன்னணிக்குக் கொடுத்தது, 2024-ல் மறுபடி 18-ஐ முன்னவர்களிடமே ஒப்படைத்தது. தலைநகர் டெல்லி இதில் உச்சம்: 2014, 2019, 2024 மூன்று மக்களவைத் தேர்தல்களிலும் ஏழுக்கு ஏழு பாஜகவுக்கு, இடையில் 2015-ல் 70-க்கு 67, 2020-ல் 62 என்று ஆம் ஆத்மிக்கு.

இந்தப் பிரித்துப் பார்க்கும் திறனுக்குக் கால இடைவெளி துணை செய்கிறது. 1999 முதல் 2014 வரையிலான தேர்தல்களை ஆராய்ந்த ஐ.டி.எஃப்.சி. நிறுவனத்தின் ஆய்வு, இரண்டு தேர்தலும் ஒன்றாக நடந்தால் வாக்காளர் இரண்டிலும் ஒரே கட்சியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 77 சதவீதம் என்று கண்டது. ஆறு மாதம் தள்ளி நடந்தால் அது 61 சதவீதமாகக் குறைகிறது. ராம்நாத் கோவிந்த் குழு 2024 மார்ச்சில் அறிக்கை தந்து, டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை மாநிலக் கட்சிகள் ஏன் இவ்வளவு கடுமையாக எதிர்க்கின்றன என்பதற்கு அரசியல் சட்டக் காரணங்களோடு இந்தக் கணக்கும் உண்டு. ஒடிசாவைப் போல எல்லா இடத்திலும் வாக்காளர் இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே மனத்தை மாற்றிக்கொள்வதில்லை.

விலைவாசி என்னும் வீட்டோ

பொருளாதாரக் கொள்கை என்றதும் பட்ஜெட் உரையும் வளர்ச்சி விகிதமும் நினைவுக்கு வருகின்றன. நடுநிலை வாக்காளர் அதைக் கேட்கும் இடம் கடைத்தெரு. 1980 தேர்தலில் இந்திரா காந்தி வெங்காய விலையைப் பிரசாரப் பொருளாக்கினார்; ஜனதா ஆட்சியின் உட்சண்டையோடு அதுவும் சேர்ந்துகொள்ள, 353 இடங்களோடு திரும்பி வந்தார்.

18 ஆண்டுகள் கழித்து அதே வெங்காயம் பாஜகவைப் பதம் பார்த்தது. 1998 இலையுதிர் காலத்தில் டெல்லியில் கிலோ 40 ரூபாயைத் தாண்டியது. முதல்வர் சாகிப் சிங் வர்மாவை மாற்றிவிட்டு சுஷ்மா ஸ்வராஜைக் கொண்டுவந்தார்கள்; பதவியேற்று ஆறு வாரத்தில் தேர்தல். காங்கிரஸுக்கு 70-ல் 52. டெல்லி மாநில ஆட்சியை மறுபடி பிடிக்க பாஜகவுக்கு 2025 வரை, அதாவது 27 ஆண்டுகள் ஆயின. இந்தக் கதையை இதோடு நிறுத்துபவர்கள் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள். விலையேற்றத்துக்காக 1998 நவம்பரில் பாஜகவைத் தண்டித்த அதே டெல்லி, கார்கில் போர் முடிந்தபின் 1999-ல் நடந்த மக்களவைத் தேர்தலில் ஏழு தொகுதிகளையும் வாஜ்பாயிக்குக் கொடுத்தது. அடுப்படிக் கணக்கை ஒருமுறை தீர்த்தாயிற்று. நாட்டுக் கணக்கு வேறு என்று வைத்துக்கொண்டார்கள்.

சமையல் எரிவாயு சிலிண்டரின் விலைப் பாதையைப் பார்த்தால் ஆட்சியாளர்களும் இந்த மனிதரை எப்படி அளந்து வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். 2014-ல் மானியத்தோடு டெல்லியில் ஒரு சிலிண்டர் 410 ரூபாய் அளவில் கிடைத்தது. உலகச் சந்தை விலை ஏறியதாலும், பெரும்பாலான குடும்பங்களுக்கு மானியம் நின்றதாலும் 2023 நடுவில் அது 1,103 ரூபாய். ஆகஸ்டு இறுதியில் ஒரே நாளில் 200 ரூபாய் குறைந்தது. 2024 மார்ச் 8 அன்று மகளிர் தினப் பரிசாக இன்னொரு 100 குறைந்து 803-க்கு வந்தது. மக்களவைத் தேர்தலின் முதற்கட்ட வாக்குப்பதிவு ஏப்ரல் 19.

ஆனால் காய்கறிக்கும் பருப்புக்கும் அப்படி ஒரு தேதி பார்த்து விலை குறைக்க முடியவில்லை. 2023 நவம்பர் முதல் 2024 ஜூன் வரை உணவுப் பொருள் பணவீக்கம் மாதந்தோறும் 8 சதவீதத்துக்கு மேலேயே நின்றது. லோக்நீதி-சி.எஸ்.டி.எஸ். அமைப்பு 2024-ல் நடத்திய தேர்தலுக்கு முந்தைய ஆய்வில், முக்கியப் பிரச்சினை எது என்ற கேள்விக்கு வேலையின்மை என்றவர்கள் 27 சதவீதம், விலைவாசி என்றவர்கள் 23 சதவீதம். அந்த ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட அயோத்தி ராமர் கோயிலைச் சொன்னவர்கள் 8 சதவீதம். இந்தியா எல்லா மதத்தவருக்கும் சமமாகச் சொந்தம் என்று அதே ஆய்வில் சொன்னவர்கள் 79 சதவீதம். கோயில் அமைந்த ஃபைசாபாத் தொகுதியை பாஜக 54,567 வாக்கு வித்தியாசத்தில் இழந்தது. கோயிலை விரும்பாததால் அங்கே தோற்றார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. பொதுத் தொகுதியான அங்கே சமாஜ்வாதி கட்சி அவதேஷ் பிரசாத் என்ற தலித் தலைவரை நிறுத்திய வியூகத்துக்கும் வெற்றியில் பங்குண்டு. ஒருவர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வேலைவாய்ப்பைக் கேட்டு மாற்றி வாக்களிக்கலாம் என்ற சாத்தியத்தையே அன்றைய கணிப்புகள் பலவும் கணக்கில் எடுக்கவில்லை.

சந்தையும் வேண்டும், ரேஷன் கடையும் வேண்டும்

1991-ல் நரசிம்ம ராவும் மன்மோகன் சிங்கும் தொடங்கிய தாராளமயத்தை அடுத்து வந்த எந்த ஆட்சியும் திருப்பிப் போடவில்லை. 1996-98 ஐக்கிய முன்னணி ஆட்சியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் இந்திரஜித் குப்தா உள்துறை அமைச்சர். அதே ஆட்சியில் ப. சிதம்பரம் 1997 பட்ஜெட்டில் தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதத்தை 40-லிருந்து 30 சதவீதமாகக் குறைத்தார். மறுபுறம், மகாத்மா காந்தி ஊரக வேலைத் திட்டத்தைக் காங்கிரஸின் தோல்விகளுக்கு உயிருள்ள நினைவுச்சின்னம் என்று 2015 பிப்ரவரியில் மக்களவையில் கேலி செய்த பிரதமர் மோடியின் அரசே, பெருந்தொற்று ஆண்டான 2020-21-ல் அதற்கு 1.11 லட்சம் கோடி ரூபாய் செலவழித்தது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. இந்த விஷயத்தில் மட்டும் டவுன்ஸ் சொன்னது பலித்திருக்கிறது.

நடுவுக்கு இழுத்தது 2004 தந்த அதிர்ச்சி. வளர்ச்சி 8 சதவீதம், 'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரங்கள், முன்கூட்டியே தேர்தல். முடிவில் பாஜகவுக்கு 138, காங்கிரஸுக்கு 145. ஹைதராபாத்தைக் கணினி நகரமாக்கிய சந்திரபாபு நாயுடுவின் தெலுங்கு தேசம் ஆந்திரப் பேரவையின் 294 இடங்களில் 47-க்குச் சுருங்கியது; விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் என்று சொன்ன ராஜசேகர ரெட்டி முதல்வரானார். 2009-ல் ஊரக வேலைத் திட்டத்தோடும் விவசாயக் கடன் தள்ளுபடியோடும் போன காங்கிரஸ் 206-க்கு உயர்ந்தது. விலைவாசி இரட்டை இலக்கத்தைத் தொட்டு, ஊழல் புகார்கள் குவிந்த ஐந்தாண்டுக்குப் பிறகு, 2014-ல் அது 44. வளர்ச்சியும் வேண்டும், அதில் தன் பங்கும் தெரிய வேண்டும் என்பதே இந்த மூன்று தேர்தல்களையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் கோரிக்கை.

தமிழ்நாட்டில் இந்தக் கலவை முன்னதாகவே கெட்டிப்பட்டுவிட்டது. 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்து, எல்லோருக்கும் பொது என்றே வைத்துக்கொண்டது. அதே பத்தாண்டில்தான் ஃபோர்டு மறைமலைநகருக்கும் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்தன. நடுவில் ஆட்சி மாறியது, ஆலைகள் வருவது நிற்கவில்லை. இன்று நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. ரேஷன் கடைக்கும் தொழிற்பேட்டைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடு என்று இங்கே யாரும் வாக்காளரிடம் கேட்கத் துணிவதில்லை.

தனியார்மயத்திலும் இந்த வாக்காளர் நிறுவனத்துக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். ஏர் இந்தியா 18,000 கோடி ரூபாய்க்கு டாடா குழுமத்துக்குப் போனபோது தெருவில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. நஷ்டத்தில் பறந்த நிறுவனம், பெரும்பாலோர் ஏறியிராத விமானம். நெய்வேலி விஷயம் வேறு. 2006-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோது கூட்டணியிலிருந்த திமுக எதிர்த்து நிற்க, மன்மோகன் சிங் பங்கு விற்பனை அனைத்தையும் நிறுத்திவைத்தார். 2013-ல் மறுபடி விற்க வந்தபோது ஜெயலலிதா தன் மாநிலப் பொதுத்துறை நிறுவனங்களை வைத்தே அந்தப் பங்குகளை வாங்கிக்கொண்டார். ஒருவரையொருவர் முகம்பார்க்காத இரு கட்சிகள் இதில் ஒரே பக்கம் நின்றன. கட்சி கடந்த பொதுக்கருத்து எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஓர் ஆய்வு சொல்லிவிடாது.

இலவசங்களைப் பற்றிய வாதம் 2022 ஜூலையில் சூடுபிடித்தது. உத்தரப் பிரதேசத்தில் விரைவுச்சாலை ஒன்றைத் திறந்துவைத்த மோடி, ஓட்டுக்காக 'ரேவடி' மிட்டாய் பங்கிடும் கலாசாரம் நாட்டுக்கு ஆபத்து என்றார். 2023 மே மாதம் கர்நாடகத்தில் ஐந்து உத்தரவாதங்களோடு நின்ற காங்கிரஸ் 135 இடங்களைப் பிடித்தது. குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டில் செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் தொடங்கியது. அந்த ஆண்டு இறுதியில் மத்தியப் பிரதேசத்தில் பாஜகவின் 'லாட்லி பெஹ்னா' திட்டம் 1,250 ரூபாயாக உயர்ந்திருந்தது. கட்சிக்கு 230-ல் 163. மிட்டாய் என்ற சொல் அதன்பின் மேடைகளில் குறைந்துபோனது.

பொறுமைக்கும் எல்லை உண்டு

வலித்தால் உடனே தண்டிப்பார் என்றும் இவரைப் பற்றிச் சொல்லிவிட முடியாது. 2016 நவம்பர் 8 இரவு, புழக்கத்திலிருந்த பணத்தில் 86 சதவீதம் செல்லாமல் போனது. வங்கி வாசலில் வரிசை, சிறு தொழில்களில் கூலி நிலுவை, கல்யாண வீடுகளில் கடன். நான்கு மாதத்தில் உத்தரப் பிரதேசத் தேர்தல் வந்தது; பாஜக 403-ல் 312-ஐ வென்றது. கறுப்புப் பணக்காரர்களுக்கு எதிரான நடவடிக்கை என்ற நோக்கத்தை நம்பியவர்கள் கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். செல்லாத நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிக்கே திரும்பிவிட்டதென்று ரிசர்வ் வங்கி 2018 ஆகஸ்டில் அறிவித்தது. அந்த டிசம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மூன்றும் பாஜகவின் கையைவிட்டுப் போயின. விவசாய விளைபொருள் விலைச் சரிவு அதற்குப் பெரிய காரணம். 2019 பிப்ரவரியில் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் திட்டம் வந்தது, புல்வாமா தாக்குதலும் பாலாகோட் பதிலடியும் வந்தன. மே மாதம் ராஜஸ்தானின் 25 தொகுதிகளையும் பாஜக அணி எடுத்துக்கொண்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சாதி, மதம், குடும்பப் பழக்கம், தலைவர் மேல் உள்ள பற்று ஆகியவைதான் பெரும்பான்மை வாக்குகளை இன்றும் தீர்மானிக்கின்றன. ஐந்தாறு சதவீதம் பேரை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கதை எழுதலாமா? முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்கு விடை நம் தேர்தல் முறையில் இருக்கிறது. அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்ற விதியின் கீழ் சிறு அசைவும் பூதாகரமாகிறது. 2019-ல் 37.4 சதவீத வாக்குடன் 303 இடங்கள் பெற்ற பாஜக, 2024-ல் 36.6 சதவீதத்துடன் 240-க்கு வந்தது. ஒரு சதவீதம்கூடக் குறையாத வாக்கு தனிப்பெரும்பான்மையைக் கொண்டுபோய்விட்டது. எதிரணி வாக்குகள் ஒருங்கிணைந்ததும், எந்தெந்த மாநிலத்தில் வாக்கு நகர்ந்தது என்பதும் இதில் அடக்கம். 2018 மத்தியப் பிரதேசத்தில் பாஜக காங்கிரஸைவிடச் சற்றே கூடுதல் வாக்கு வாங்கியும் 109-க்கு 114 என்று பின்தங்கியது. இவ்வளவு நெருக்கத்தில், பக்கம் சாராதவரின் ஒவ்வொரு வாக்கும் பற்றுள்ளவரின் வாக்கைவிட அதிகமாகத் தேடப்படுகிறது.

தேடப்படும்போது தேர்வே இல்லாமல் போனால் என்ன செய்வார் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2024-ல் இந்தூர் தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவைத் திரும்பப் பெற்றார். வலுவான போட்டி இல்லாமல் போன அந்தத் தொகுதியில் 'நோட்டா'வுக்கு விழுந்த வாக்குகள் 2,18,674.

2024-க்குப் பிறகு

பெரும்பான்மை போனபின் வந்த அறிவிப்புகளை வரிசையாக வைத்தால், ஆட்சியாளர்கள் கேள்வித்தாளைத் திரும்ப வாங்கிப் படித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை என்ற அறிவிப்பு வந்தது. அரசு ஊழியர்கள் நிறைந்த டெல்லியில் நான்கே நாளில் வாக்குப்பதிவு, பாஜகவுக்கு 70-ல் 48. செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 என இரண்டாகச் சுருங்கின. மாதாந்திர உதவித் தொகை எல்லாக் கட்சிகளின் பொதுச்சொத்தாகிவிட்டது. விலைக்கும் வரிக்கும் ரொக்கத்துக்கும் அரசியல்வாதிகளுக்கு விடை தெரிந்திருக்கிறது. அவற்றை ஓர் அறிவிப்பில், ஒரு வங்கிக் குறுஞ்செய்தியில் முடித்துவிடலாம்.

லோக்நீதி ஆய்வில் 27 சதவீதம் பேர் சொன்ன வேலையின்மைதான் அப்படி முடிவதில்லை. 2023-24 தொழிலாளர் ஆய்வின்படி 15 முதல் 29 வயதுக்குள் வேலையின்மை 10.2 சதவீதம். 2024 ஜூலை பட்ஜெட், 500 பெரிய நிறுவனங்களில் ஐந்தாண்டில் ஒரு கோடிப் பேருக்கு மாதம் 5,000 ரூபாயில் பயிற்சி என்று அறிவித்தது. அடுத்து, 99,446 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 3.5 கோடி வேலைகளை ஊக்குவிக்கும் திட்டம் 2025 ஆகஸ்டு 1-ல் நடைமுறைக்கு வந்தது. முதன்முறை வேலைக்குச் சேர்பவருக்கு இரண்டு தவணையில் அதிகபட்சம் 15,000 ரூபாய். ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கும் ஊக்கத்தொகை. 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு அது பொருந்தும். அடுத்த மக்களவைத் தேர்தல் வழக்கமான காலக்கணக்குப்படி 2029-ல். ஊக்கத்தொகை நின்றபிறகும் அந்த வேலைகளில் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதை வருங்கால வைப்பு நிதிப் பதிவேடு அதற்குள் காட்டிவிடும்.